கோடைக் கிறிஸ்துமஸ், 5.6 லட்சம், பாதி மலை: எங்க நியூசிலாந்துக் கணக்கு



நஷ்டத்தில் இருக்கிற முதலீட்டை விட்டு எப்போ வெளியே வரணும்னு நம்ம சேனலில் ஒரு வீடியோ போட்டிருந்தேன். அதில் பேச்சுவாக்கில், "இந்தப் பாடத்தை எனக்குச் சரியா கத்துக்கொடுத்தது ஒரு மலை"னு சொல்லிட்டேன். அது எந்த மலை, எவ்வளவு செலவாச்சு, என்ன நடந்ததுன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. வீடியோவில் ரசீதை எல்லாம் ஒவ்வொண்ணா காட்ட முடியாது. அதனால் இங்கே முழுசா எழுதிடறேன்.

2024 டிசம்பர். நானும் என் கணவரும் நியூசிலாந்தின் தெற்குத் தீவில் பத்து இரவு தங்கினோம். மொத்தச் செலவு 5,60,000 ரூபாய். ஏறணும்னு போன மலையில் பாதிதான் ஏறினோம்.

ஏன் டிசம்பர், ஏன் அங்கே?

பூமத்திய ரேகைக்குக் கீழே இருக்கிற நாடு. அதனால் நமக்கு மார்கழிப் பனி கொட்டும்போது அங்கே கோடை. இரவு ஒன்பதரை வரைக்கும் வெளிச்சம் இருக்கும். காலையில் கொஞ்சம் தாமதமா கிளம்பினாலும் நடக்க நேரம் கிடைக்கும். இன்னொரு காரணம் பணக் காரணம்தான். என் கணவர் ஆபீஸுக்கு டிசம்பர் கடைசி வாரம் எப்படியும் விடுமுறை. எனக்கு ஆடிட் சீசன் முடிஞ்சிருக்கும், 31-ம் தேதி ஜிஎஸ்டி வருடாந்திர ரிட்டர்னை மட்டும் முன்கூட்டியே முடிச்சு வைக்கணும். சம்பளம் பிடிக்காத லீவு கிடைக்கிற வாரம் அதுதான்.

ஆனா ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஊர்க்காரங்களுக்கும் அப்போதான் பெரிய விடுமுறை. டிசம்பர் 25, 26, ஜனவரி 1, 2 நாலு நாளும் அரசு விடுமுறை, பள்ளிக்கூடங்களும் மூடியிருக்கும். அறை வாடகை, கார் வாடகை எல்லாம் உச்சத்தில் இருக்கும். லீவு உங்க கையில் இருந்தால் பிப்ரவரி, மார்ச் பாருங்க. விலையும் இறங்கும், உயரமான பாதைகளில் மிச்சப் பனியும் கரைஞ்சிருக்கும்.

பணம் சேர்த்த விதம்

கடன் வாங்கிப் பயணம் போறதை நான் எப்பவும் ஆதரிச்சதில்லை, நீங்க கேட்டுக் கேட்டுச் சலிச்சிருப்பீங்க. 26 மாசம், மாசம் 20,000 ரூபாய் ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டோம். போட்டது 5,20,000. டிக்கெட்டுக்கு முன்னாடியே கொஞ்சம் எடுத்ததால் லாபம் குறைஞ்சது. எல்லாம் சேர்த்துக் கைக்கு வந்தது 5,50,000 பக்கம். இந்த லாபத்துக்கு உங்க வரி வரம்புப்படி வரி உண்டு, அதை மறந்துடாதீங்க. ரெண்டு வருஷத்துக்குள்ள தேவைப்படற பணம் என்பதால் ஈக்விட்டி பக்கமே போகல.

பத்தாயிரம் பத்தலை. அதுக்குக் காரணம் நான்தான்.

ஒரு வாரம் தள்ளிப்போட்டதன் விலை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நியூசிலாந்து போக விசிட்டர் விசா வேணும். அதோடு சுற்றுலாப் பயணிகளுக்கான ஒரு வரியும் கட்டணும். அந்த வரி 35 நியூசிலாந்து டாலராக இருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் 100 டாலர். விசா கட்டணமும் அதே தேதியில் 211-லிருந்து 341 டாலருக்கு ஏறியது. இது முன்கூட்டியே அறிவிச்ச விஷயம்தான். நான் செப்டம்பர் கடைசியில் வரித் தணிக்கை வேலையில் மூழ்கி, "அடுத்த வாரம் அப்ளை பண்ணிக்கலாம்"னு விட்டுட்டேன்.

ரெண்டு பேருக்கும் சேர்த்து 390 டாலர் கூடுதல். நம்ம பணத்தில் 20 ஆயிரம். கடைசித் தேதியைத் தள்ளிப்போடாதீங்கன்னு கிளையண்ட்டைத் திட்டற ஆள் நான். வீட்டில் இன்னும் இதைச் சொல்லிக் காட்டிட்டு இருக்காங்க.

பேக்கேஜா, தனித்தனியாவா?

இங்கே டிசிஎஸ் பற்றித் தெரிஞ்சிருக்கணும். வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் வாங்கினால், நாங்க போனப்போ 7 லட்சம் வரைக்கும் 5 சதவீதம், அதுக்கு மேல 20 சதவீதம் டிசிஎஸ் பிடிச்சாங்க. 6 லட்சம் பேக்கேஜுன்னா 30,000 ரூபாய் கூடுதலா எடுத்து வைக்கணும். இது போன பணம் இல்ல. உங்க 26ஏஎஸ்-ல் வரும், ரிட்டர்னில் கழிச்சுக்கலாம். 2024 அக்டோபரிலிருந்து சம்பளக்காரங்க இதை ஆபீஸில் சொல்லி மாதாமாத டிடிஎஸ்-ஸிலேயே சரிக்கட்டவும் வழி இருக்கு. ஆனாலும் அதுவரைக்கும் உங்க பணம் முடங்கும்.

விமான டிக்கெட் மட்டும், இல்லேன்னா ஹோட்டல் மட்டும் தனியா வாங்கினால் அது 'பேக்கேஜ்' ஆகாது. நாங்க எல்லாத்தையும் தனித்தனியா புக் பண்ணினோம். ஃபாரெக்ஸ் கார்டில் ஏத்தின பணமும் அந்த வருஷ வரம்பான 7 லட்சத்துக்குள் இருந்ததால் டிசிஎஸ் ஒரு ரூபாய்கூட இல்ல. 2025 ஏப்ரல் 1 முதல் அந்த 7 லட்சம் 10 லட்சமாச்சு. இந்த விகிதமெல்லாம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும். நீங்க பணம் கட்டற நாளில் என்ன விகிதம்னு பார்த்துக்கோங்க.

கார்டு, இன்சூரன்ஸ், ஷூ

சாதாரண கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்ச்சா பெரும்பாலும் 3.5 சதவீதம் மார்க்கப், அந்த மார்க்கப் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. மொத்தம் 4.13 சதவீதம். 2 லட்சம் தேய்ச்சா 8,260 ரூபாய் சும்மா போகும். மார்க்கப் இல்லாத கார்டோ, ஃபாரெக்ஸ் கார்டோ வெச்சுக்கோங்க. கடையில் மெஷின் "ரூபாயில் கட்டறீங்களா, டாலரில் கட்டறீங்களா?"ன்னு கேட்கும். ரூபாய்னு பார்த்ததும் பாசம் பொங்கி அழுத்திடாதீங்க. அவங்க போடற மாற்று விகிதம் நமக்கு நஷ்டம். எப்பவும் அந்த ஊர் நாணயத்தையே தேர்ந்தெடுங்க.

அங்கே ஜிஎஸ்டி 15 சதவீதம், விலையிலேயே அடக்கம். சுற்றுலாப் பயணிகளுக்கு அதைத் திருப்பித் தர்ற திட்டம் கிடையாது. டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டாங்க. ஆனா அரசு விடுமுறை நாளில் பல காபிக் கடைகள் பில் மேல கூடுதல் கட்டணம் போடுவாங்க. வாசல்ல எழுதி வெச்சிருப்பாங்க, பார்த்துட்டு உள்ளே போங்க.

இன்சூரன்ஸ்: நாங்க முதலில் எடுக்க இருந்த பாலிசியில் மலை நடை 'சாகச விளையாட்டு'ன்னு விலக்குப் பட்டியலில் இருந்தது. பொடி எழுத்தைப் படிச்சதால் தப்பிச்சோம். கொஞ்சம் கூடக் கொடுத்து அது அடங்கிய பாலிசி எடுத்தோம், ரெண்டு பேருக்கும் 7,000. நியூசிலாந்தில் ஏசிசி-ன்னு ஒரு அரசு விபத்துக் காப்பீடு இருக்கு. விபத்தில் அடிபட்டா சுற்றுலாப் பயணிகளுக்கும் சிகிச்சைச் செலவில் உதவும். அதை நம்பி இன்சூரன்ஸை விட்டுடாதீங்க. காய்ச்சல், வயிற்று வலி மாதிரி நோய்களுக்கும், ஊருக்குத் திரும்பற டிக்கெட்டுக்கும் அது வராது.

அப்புறம் ஷூ. மண் ஒட்டின நடை ஷூவை விமான நிலையத்திலேயே டிக்ளேர் பண்ணணும். விதை, மண், உணவு எதையாவது சொல்லாமல் கொண்டுபோனால் 400 டாலர் அபராதம். நாங்க பழகறதுக்காகப் பருவதமலை ரெண்டு தடவை ஏறியிருந்தோம். அந்தச் செம்மண்ணைப் பழைய டூத் பிரஷ்ஷால் உட்கார்ந்து தேய்ச்சது தனிக் கதை. அம்மா கட்டிக்கொடுத்த கறிவேப்பிலைப் பொடியும் மீனம்பாக்கம் தாண்டல.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு

சிங்கப்பூர் வழியா கிறைஸ்ட்சர்ச். அங்கே கார் எடுத்தோம். நம்ம மாதிரியே இடது பக்க ஓட்டம்தான். டெக்காப்போ ஏரி, புக்காக்கி ஏரி தாண்டி, 24-ம் தேதி ஆவராக்கி மவுண்ட் குக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நாட்டிலேயே உயரமான மலை அது, 3,724 மீட்டர். அந்த உச்சிக்குப் போறது கயிறு, பனிக்கோடாரியோடு போற மலையேறிகள் வேலை. நம்மளை மாதிரி ஆட்களுக்கு அதன் அடிவாரத்தில் நடைபாதைகள் இருக்கு. தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இந்தப் பயணத்தில் காசே இல்லாமல் கிடைச்ச பெரிய விஷயம் இந்த நடைதான்.

கிராமத்தில் சூப்பர் மார்க்கெட் இல்ல. 25-ம் தேதி சட்டப்படி நாட்டில் பெரும்பாலான கடைகளை மூடியே ஆகணும். இது தெரிஞ்சு, வர்ற வழியில் ட்வைசல் ஊரில் ரொட்டி, முட்டை, அரிசி, தயிர், ஒரு பெட்டி செர்ரிப் பழம் எல்லாம் வாங்கிட்டோம். அங்கே கிறிஸ்துமஸுக்குன்னே செர்ரி பழுக்கும். தங்கின விடுதியின் பொதுச் சமையலறையில் ஒரு பக்கம் இறைச்சி வாட்டினாங்க, இன்னொரு பக்கம் நாங்க தயிர்சாதம் கிளறினோம்.

25-ம் தேதி ஹூக்கர் பள்ளத்தாக்கு நடை. போக வர 10 கிலோமீட்டர், மூணு தொங்கு பாலம், பெரும்பாலும் சமதளம். கடைசியில் ஒரு பனிப்பாறை ஏரி. வெயில் சுள்ளுன்னு அடிக்குது, தண்ணியில் ஐஸ் கட்டி மிதக்குது. அரைக் கை சட்டை, தலையில் கிறிஸ்துமஸ் தாத்தா குல்லாய்ன்னு குடும்பம் குடும்பமா நடந்து வந்தாங்க.

அன்னிக்கு ராத்திரி அந்த மலையின் கதையைப் படிச்சேன். முதன்முதலா அந்த உச்சியை எட்டினது 1894 டிசம்பர் 25. சரியா 130 வருஷம் முன்னாடி, இதே கிறிஸ்துமஸ் நாள். டாம் ஃபைஃப், ஜார்ஜ் கிரஹாம், ஜாக் கிளார்க்னு மூணு உள்ளூர்க்காரங்க. ஐரோப்பாவிலிருந்து ஒரு குழு வருதுன்னு கேள்விப்பட்டு, அவங்களுக்கு முன்னாடி ஏறிடணும்னு கிளம்பினவங்க.

ஆனா என் மனசில் நின்னது அதுக்கு முந்தின கதை. 1882-ல் வில்லியம் கிரீன்னு ஒரு அயர்லாந்துப் பாதிரியார், சுவிட்சர்லாந்து வழிகாட்டிகள் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அந்த மலைக்கு வந்தார். அந்தக் காலத்தில் கப்பலேறி உலகத்தின் மறுகோடிக்கு. உச்சி எட்டற தூரத்தில் இருக்கும்போது வானிலை மோசமாகி, திரும்பிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க ஒரு குறுகலான பாறை விளிம்பில் நின்னுக்கிட்டே கழிச்சாங்க. உயிரோட ஊர் திரும்பினார். 'முதல் ஆள்'ங்கிற பெயர் மட்டும் அவருக்குக் கிடைக்கல.

"பாவம், இவ்வளவு செலவு பண்ணி வந்துட்டு"ன்னு நான் சொன்னேன். அவர் சிரிச்சார்.

26-ம் தேதி

எங்க பயணத்தோட முக்கிய நாள் இது. முல்லர் ஹட். 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிற மலைக்குடில், 28 பேர் படுக்கலாம். கிராமத்திலிருந்து 5.2 கிலோமீட்டர்தான், ஆனா சுமார் ஆயிரம் மீட்டர் செங்குத்தா ஏறணும். கோடையில் முன்பதிவு கட்டாயம். எங்களுக்கு 26 இரவு கிடைச்சிருந்தது. ரெண்டு வருஷமா என் லேப்டாப் திரையில் இருந்த படம் அந்தக் குடில்தான்.

காலையில் பார்வையாளர் மையத்தில் விசாரிச்சோம். மதியத்துக்கு மேல வடமேற்குக் காற்று வலுக்கும், மழை வரலாம், மேலே இன்னும் பனித் திட்டுகள் இருக்கு, சீலி டார்ன்ஸ் வரைக்கும் போய்ப் பார்த்து முடிவு பண்ணுங்கன்னாங்க.

சீலி டார்ன்ஸ் பாதி வழி. அதுவரைக்கும் 2,200 படி. பழனி படி ஏறினவங்களுக்கே மூச்சு வாங்கும். மேலே சின்னச் சின்னக் குட்டைகள், எதிரே பனிமலை. நாங்க போய்ச் சேர்ந்தப்போ மணி பன்னிரண்டு. எதிர் மலையின் உச்சியை மேகம் மூடிடுச்சு. காற்று முதுகுப்பையைப் பிடிச்சுத் தள்ளுது. அதுக்கு மேல படி கிடையாது. பாறையும் சரளையும்தான், ஆரஞ்சு நிற அடையாளங்களைப் பார்த்துப் பார்த்துப் போகணும்.

கீழே இறங்கி வந்த ரெண்டு பேர், "மேலே எதுவும் தெரியல, நாங்க திரும்பறோம்"னு சொல்லிட்டுப் போனாங்க. அவங்க கையில் பனிக்கோடாரி இருந்தது. எங்க கையில் இருந்தது வாக்கிங் ஸ்டிக்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரெண்டு மணி நேரம்தானே. ஹட்டுக்குப் பணம் கட்டியாச்சு. விமான டிக்கெட், விசா, லீவு, இவ்வளவும் இதுக்குத்தானே? இன்னொரு தடவை அஞ்சரை லட்சம் யார் போடறது?"

அவர் ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "அந்த அஞ்சரை லட்சம் மேல போனா திரும்பக் கிடைக்குமா?"ன்னார்.

"கிடைக்காது."

"கீழ போனா?"

"கிடைக்காது."

"அப்போ அதைக் கணக்கில் எதுக்குச் சேர்க்கற? நீதானே வீடியோவுக்கு வீடியோ சொல்லுவ?"

எனக்குப் பயங்கரக் கோபம். அவர் சொன்னது சரின்னு தெரிஞ்சதால் வந்த கோபம். பத்து நிமிஷம் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். செர்ரிப் பழம் தின்னோம். அதுக்குள்ள எதிர் மலை முழுசா காணாமல் போச்சு. இறங்கிட்டோம். 2,200 படியும் நான் அவரோட பேசல.

கீழே வரும்போது தூறல் ஆரம்பிச்சது. ராத்திரி காற்றும் மழையும் வெளுத்து வாங்குச்சு. நாங்க மேலே போயிருந்தால் ஏதாவது ஆகியிருக்கும்னு சொல்லமாட்டேன். ஒண்ணும் ஆகாமல் குடிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. நல்லபடியா முடிஞ்சா நல்ல முடிவு, இல்லேன்னா கெட்ட முடிவுன்னு பார்க்கக் கூடாது. பன்னிரண்டு மணிக்குக் கையில் இருந்த தகவலுக்கு இறங்கினதுதான் சரி.

மொத்தக் கணக்கு (ரெண்டு பேருக்கு)

- விமான டிக்கெட்: 2,46,000
- விசா, சுற்றுலா வரி: 46,000
- தங்குமிடம்: 97,000
- கார், பெட்ரோல்: 66,000
- சாப்பாடு, பெரும்பாலும் நாங்களே சமைச்சது: 39,000
- ஷூ, மழைக் கோட்டு, பை: 34,000
- இன்சூரன்ஸ்: 7,000
- ஹட், சிம், சில்லறைச் செலவு: 12,000
- திரும்பி வந்த இரவு: 13,000
- மொத்தம்: 5,60,000

அப்போ ஒரு நியூசிலாந்து டாலர் 48, 49 ரூபாய். இப்போ போறவங்க அன்றைய விலையைப் போட்டுப் பாருங்க.

அந்தக் கடைசி 13,000

இந்தப் பட்டியலில் நீங்க பார்க்க வேண்டியது கடைசிக்கு முந்தின வரி. 26-ம் தேதி இரவு ஹட்டில் தூங்கறதா திட்டம். அதனால் கிராமத்து அறையைக் காலி பண்ணிட்டோம். இறங்கி வந்தப்போ கிராமத்தில் ஒரு அறையும் இல்ல, பீக் சீசன். ட்வைசல் வரைக்கும் கார் ஓட்டிப் போய், கடைசி நேர விலையில் 260 டாலருக்கு ஒரு அறை எடுத்தோம்.

கிளம்பறதுக்கு முன்னாடியே பட்ஜெட்டில் 25,000 ரூபாயை 'எதுக்கும் இருக்கட்டும்'னு தனியா எழுதி வெச்சிருந்தேன். நிஜமாவே எந்தத் திட்டமும் இல்லாத பணம். மலையில் நின்னு யோசிக்கும்போது, இறங்கினா படுக்க இடம் கிடைக்குமாங்கிற பயம் எங்களுக்கு இல்ல. கிடைக்கிற விலையைக் கொடுக்கலாம்னு தெரியும். அந்தப் பணம் இல்லேன்னா, "மேலேதான் படுக்கை இருக்கு, வேற வழியில்ல"ன்னு ஏறியிருப்போம். நான் கண்டிப்பா ஏறியிருப்பேன்.

நம்மகிட்ட வர்ற கேள்விகளில் பாதி இந்த ரகம்தான். மூணு வருஷம் பிரீமியம் கட்டிட்டேன், பிடிக்கலேன்னாலும் எப்படி விடறது? முன்பணம் கொடுத்துட்டேன், பில்டர் சொல்றது நம்பிக்கையா இல்ல, ஆனா எப்படி விடறது? கட்டின பணத்தைப் பத்தித்தான் எல்லாரும் பேசறீங்க. ஆனா பல நேரம் உண்மையான சிக்கல் அது இல்ல. வெளியே வந்தா அடுத்த ஆறு மாசம் எப்படி ஓட்டறதுன்னு தெரியாததுதான் சிக்கல். அதுக்கான பணம் தனியா இருந்தா, முடிவு தானா தெளிவாகும்.

எமர்ஜென்சி ஃபண்டுன்னா ஆஸ்பத்திரிக்கும் வேலை போறதுக்கும்னு மட்டும் நானே சொல்லிட்டிருந்தேன். இப்போ இன்னொண்ணும் சேர்த்துச் சொல்றேன்: தப்பான வழியில் போறோம்னு தெரியும்போது திரும்பி வர்றதுக்கும் அதுதான் பணம்.

நீங்க போறதா இருந்தா

1. விசா, வரி, கட்டணம் மாறும் தேதிகளை நாட்காட்டியில் குறிச்சு வைங்க. நான் பண்ண தப்பைப் பண்ணாதீங்க.
2. மில்ஃபோர்ட், ரூட்பர்ன் மாதிரி பல நாள் நடைகளுக்குக் குடில் முன்பதிவு பல மாசம் முன்னாடியே திறக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணமும் அதிகம். கிடைக்கலேன்னா வருத்தப்படாதீங்க, ஒரு நாள் நடைகள் இலவசம்.
3. 24-ம் தேதிக்குள் சாப்பாட்டுச் சாமானும் பெட்ரோலும் நிரப்பிடுங்க.
4. பாலிசியில் மலை நடை, உயர வரம்பு, மீட்புச் செலவு மூணையும் தேடிப் படிங்க.
5. மொத்தச் செலவில் 5 சதவீதமாவது எந்தத் திட்டமும் இல்லாமல் தனியா வைங்க. செலவாகலேன்னா அடுத்த பயணத்துக்கு முதல் தவணை.

எங்களுக்கு அந்த 25,000-ல் 12,000 மிச்சம், அந்தச் சில்லறைச் செலவு வரியில் போய்ச் சரியாச்சு. ஜனவரியிலிருந்து மறுபடி மாசம் 20,000 போட ஆரம்பிச்சாச்சு. இந்தத் தடவை பிப்ரவரி மாசம் போறதா யோசனை. லேப்டாப் திரையில் அதே குடில் படம்தான் இன்னும் இருக்கு.

அடுத்த வீடியோவில் டிசிஎஸ் பணத்தை ரிட்டர்னில் திரும்ப வாங்கற முறையைப் படிப்படியா பார்ப்போம். வணக்கம்.